அப்பா தீர்க்காத பாக்கி



உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ சாமி மேடைக்குப் பக்கத்திலோ வைத்திருப்பார்கள். அதன் சாவி வீட்டுப் பெரியவரின் இடுப்புக் கயிற்றில் தொங்கும். சிறு வயதில் அதைத் தொட்டால் அடி விழுந்திருக்கும். வளர்ந்த பிறகு நமக்கு அதன் நினைவே வருவதில்லை. அந்தப் பெரியவர் கண்ணை மூடிய பிறகுதான் பெட்டியைத் திறக்கிறோம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டியை 2024-இல்தான் திறந்தோம். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் அப்பா தமது 81-ஆம் வயதில் காலமானார். பால்மரம் வெட்டிய கை அது. ஆறு பிள்ளைகளையும் பதினான்கு பேரப்பிள்ளைகளையும் ஒரே கூரையின் நினைவில் வைத்திருந்த மனிதர். அவரைப் புகழ்ந்து பாட நான் இதை எழுதவில்லை. அவர் செய்த நன்மையோடு, அவர் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அது உங்கள் வீட்டுக்கும் உதவக்கூடும்.

தகப்பனைக் காணாத தகப்பன்

அப்பா பிறந்தது 1943-ஆம் ஆண்டு, கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்போது ஜப்பான்காரன் ஆட்சி. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போன காலம். நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டி ஏற்றியவர்கள் பலர். மிரட்டி ஏற்றியவர்களும் பலர். காய்ச்சலிலும் பேதியிலும் பட்டினியிலும் அங்கே மடிந்த நம்மவர் பல்லாயிரம்.

என் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் போனார். பாட்டி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. தாத்தா திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. ஆகவே பாட்டி தாலியைக் கழற்றவே இல்லை. சாகும்வரை நெற்றியில் குங்குமத்தோடுதான் இருந்தார். "சேதி வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்பாராம்.

அப்பாவுக்குத் தம் தகப்பனாரின் முகம் தெரியாது. ஒரு படம்கூடக் கிடையாது. இறந்த நாளும் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசையன்றும் ஒரு வாழை இலையை மட்டும் தனியாகப் போட்டுப் படைப்பார். படைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "எனக்காவது ஒரு தேதி இருக்கும்ல, உங்களுக்குச் செய்ய லேசா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிறு பிள்ளைகளாகிய எங்களுக்கு அது விளையாட்டுப் பேச்சாகத் தெரிந்தது.

ஒரு தகப்பன் எப்படி இருப்பான் என்று காட்ட அவருக்கு ஆளில்லை. தாமே கற்றுக்கொண்டு தகப்பனாக இருந்தவர் அவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காகிதத்தின் மதிப்பு

ஜப்பான் காலத்தில் லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் பாட்டிக்குத் தெரியவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாத குறை அப்பாவை நாற்பது ஆண்டு விரட்டியது. பிறந்தது இந்த மண்ணில். கையில் இருந்ததோ குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை.

1968-இல் வந்த சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. நம் தோட்டங்களில் அந்த நாளை மறந்தவர் இருக்க முடியாது. நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர்களும் மூட்டை கட்டிய காலம் அது. அப்பாவுக்கு பெர்மிட் கிடைத்தது. அவருடைய ஒரே அக்காள் கணவருக்குக் கிடைக்கவில்லை. 1970-இல் அத்தையின் குடும்பம் பினாங்குத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பலேறி நாகப்பட்டினம் போனது. அத்தையும் இங்கே பிறந்தவர்தான். ஊர் என்பதை அவர் பார்த்ததே இல்லை. அன்று துறைமுகத்தில் நின்ற அப்பா, கப்பல் மறைந்த பிறகும் நெடுநேரம் நகரவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். அக்காளும் தம்பியும் அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. நீல நிறக் கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

பல முறை மனுச் செய்து, மளிகைக் கடை வாசலில் மலாய் நண்பர்களோடு உட்கார்ந்து மலாய் பேசப் பழகி, 1981-இல் அப்பா நீல அட்டை வாங்கினார். அன்று லயத்துக்கே பாயசம்.

ஆகவேதான் எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு முதல் வேலை பிறப்புப் பத்திரம். பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே. பெயர் வைக்கும் முன்பே, "பேப்பர் எடுத்தாச்சா?" என்று கேட்பார். நாங்கள் சலித்துக்கொள்வோம். கப்பலில் அக்காளை ஏற்றி அனுப்பியவரின் கேள்வி அது என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

மரத்துக்குக் காயம் ஆகாது

அப்பா நல்ல வெட்டுக்காரர். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், ஐந்தரை ஆறு மணிக்கெல்லாம் நிரையில் நிற்பார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதை நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்று நம் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டதால், உளி பிடிப்பதையே பார்த்திராத பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

பால்மரத்தின் பட்டையை ஒரு காசின் கனத்துக்கும் குறைவாகச் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போய்விட்டால் உள்ளே இருக்கும் இளந்தோல் கிழிந்துவிடும். அதைத்தான் 'காயம்' என்போம். சரியாகச் சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வழவழவென்று வளரும், மறுபடியும் வெட்டலாம். காயம்பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். மண்டோர் வந்து காயத்தை எண்ணி, சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டுப் போவார்.

அப்பாவின் நிரையில் அந்தக் குறி அபூர்வம். பள்ளி விடுமுறையில் நாங்கள் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் போவோம். "பால் கொறஞ்சா நாளைக்கு எடுத்துக்கலாம். காயம் பட்டா மரம் மறக்காது" என்பார். பிள்ளைகளையும் அவர் அப்படித்தான் நடத்தினார். எங்களில் யாரையும் அவர் கைநீட்டி அடித்ததாக எனக்கு நினைவில்லை. சித்தப்பா வீட்டுச் சண்டையோ, பக்கத்து லயத்துக் கல்யாணமோ, கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வந்தவனின் மனைவியோ, எல்லாரும் எங்கள் வீட்டு வாசல் பலகைக்குத்தான் வருவார்கள். அப்பா கடைசியாகத்தான் பேசுவார். பேசினால் அதோடு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவரின் கையாலும் ஒரு காயம் பட்டது.

1978-ஆம் ஆண்டு

அந்த ஆண்டு மழைக்காலத்தில், காண்டாவில் பால் வாளிகளோடு பலகைப் பாலத்தைக் கடந்த அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எனக்கு அப்போது ஒரு வயது. தோட்டத்தில் இரண்டு பேர் வெட்டினால்தான் ஒரு குடும்பம் மூன்று வேளை சாப்பிடும். ஒருவர் சம்பளம் நின்றால் கடைப் பாக்கி ஏறும், ஏறினால் இறங்காது. இது உங்களுக்குத் தெரியாததா?

என் மூத்த அண்ணனுக்கு வயது பதினான்கு. தமிழ்ப் பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் மூன்றாவதாக வந்து, பாரம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை அப்பா டவுனிலிருந்து புதிய உளி ஒன்று வாங்கி வந்தார். வாசலில் உட்கார்ந்து அதைத் தீட்டினார். தீட்டி முடித்து அண்ணன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அண்ணனும் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி பஸ் வந்தபோது அவர் காட்டில் இருந்தார். இதை எனக்குச் சொன்னவர் என் பெரிய அக்காள்.

அம்மா தேறி எழ ஓர் ஆண்டானது. அதற்குள் அண்ணன் முழு வெட்டுக்காரர் ஆகிவிட்டார். மற்ற ஐந்து பேரும் படித்தோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அண்ணன் குலை அறுக்கப் போனார். 1997-இல் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மொதல்ல போயி அண்ணன்கிட்ட சொல்லிட்டு வா" என்றார். வீட்டு முறைக்காகச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அண்ணன் செம்பனைக் கத்தியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். "நல்லா படி பாப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் நன்றி சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினாறாம் நாள்

1998-இல் அப்பா ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று, சேமநிதிப் பணத்தைப் போட்டு ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். கடைசிவரை அண்ணனும் அண்ணியுமே அவரை அந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா 2011-இல் போனதற்குப் பிறகு அப்பாவைக் குளிப்பாட்டியது, மருந்து கொடுத்தது எல்லாம் அவர்கள்தான். நாங்கள் தீபாவளிக்கு வேட்டியும் பலகாரமும் கொண்டு போகிறவர்கள்.

கருமாதி முடிந்து உறவினர் போன பிறகு ஆறு பேரும் முன்கூடத்தில் உட்கார்ந்தோம். நகரத்தில் இருக்கும் இரண்டாவது அண்ணன் பேச்சை எடுத்தார்.

"அப்பா பேர்ல இருக்கிற வீட்டை வித்து ஆறு பங்கா பிரிச்சிட்டா, பின்னால யாருக்கும் மனவருத்தம் இருக்காது."

தவறான பேச்சு என்று சொல்ல முடியாது. சட்டப்படியும் பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்குதான். மூத்த அண்ணன் தலை குனிந்திருந்தார். பிறகு, அவர் அதுவரை பேசாத பேச்சைப் பேசினார்.

"தாராளமா பிரிங்க. ஆனா ஒண்ணு. மரத்துக்குக் காயம் படக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னாரு அப்பா. எனக்குப் பட்டது அவருக்குத் தெரியவே இல்ல. அறுபது வயசு ஆவுது எனக்கு. இன்னிக்கும் பள்ளிக்கூட பஸ்ஸப் பார்த்தா திரும்பிக்கிறேன்."

யாரும் பேசவில்லை. அண்ணி மட்டும் சமையல்கட்டு வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெட்டியில் இருந்தது

வீட்டுப் பத்திரம் வேண்டும் என்பதற்காகப் பெரிய அக்காள் எழுந்து தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார். எங்கள் ஆறு பேரின் பிறப்புப் பத்திரங்களும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அத்தையின் நீலக் கடிதங்கள், பழைய சம்பளச் சீட்டுகள், துன் சம்பந்தன் தலைமையில் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாள்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பதினொரு 555 புத்தகங்கள்.

கடைப் பாக்கி எழுதும் அந்தச் சிறிய 555 புத்தகம் நம் வீடுகளில் இல்லாத காலம் உண்டா? அப்பா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுதுவார். அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிச் சப்பாத்து, அம்மாவின் மருந்து, கைமாற்று வாங்கியவர் பெயர் என்று வரிசையாக இருந்தது. தீர்த்த பாக்கி ஒவ்வொன்றின்மேலும் பென்சிலால் ஒரு கோடு. பாக்கி வைத்துச் செத்தவன் என்ற பெயர் எடுக்கக் கூடாது என்பது அவர் வைராக்கியம்.

அக்காள்தான் அதைக் கண்டார். 1978-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முதல் வரி, "பெரியவன் படிப்பு". பக்கத்தில் தொகை இல்லை. மேலே கோடும் இல்லை. அடுத்த புத்தகத்தை எடுத்தார். அதிலும் முதல் வரி அதுவே. ஒரு புத்தகம் தீர்ந்து மறு புத்தகம் தொடங்கும்போதெல்லாம், தீராத பாக்கியை முதலில் எழுதிக்கொள்வதுதானே வழக்கம்? கடைசிப் புத்தகம்வரை அந்த வரி வந்திருந்தது. கடைசிப் புத்தகத்தில் கை நடுங்கி எழுத்துக் கோணலாக இருந்தது. அதன் மடிப்பில் அண்ணனின் 1977-ஆம் ஆண்டுப் புகுமுக வகுப்பு மதிப்பெண் அட்டை செருகியிருந்தது.

அண்ணன் அதை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையைப்போல் அழுதார். அழுகைக்கு நடுவே அவர் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்ல இவ்வளவும் எழுதினேன்.

"தெரிஞ்சிருக்கு அவருக்கு. ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே!"

வீட்டைப் பற்றிய பேச்சு அன்றே முடிந்தது. அது அண்ணன் பெயருக்கே போகட்டும் என்று முதலில் சொன்னவர், விற்கலாம் என்று சொன்ன இரண்டாவது அண்ணன்தான். நில அலுவலகத்தில் ஐந்து பேரும் சம்மதக் கையொப்பம் போட்டோம். அது பெரிய தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம். பாக்கியில் ஒரு பகுதியைத்தான் கட்டினோம்.

வாசகர்களுக்கு

என் அப்பா நல்லவர். அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அவர் காலத்துத் தகப்பன்மாருக்கு அன்பைச் சொல்லத் தெரியாது. மன்னிப்பைச் சொல்லவே தெரியாது. சுமந்தார்கள், சேர்த்தார்கள், எழுதிப் பூட்டி வைத்தார்கள். 46 ஆண்டு ஒரே வீட்டில் இருந்த தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே அந்த ஒரு வரி பூட்டிக் கிடந்தது. அது திறந்தபோது கேட்க ஒருவர்தான் இருந்தார். சொல்ல வேண்டியவர் இல்லை.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே அந்தப் பெட்டியை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகக் கேளுங்கள். அவருடைய தகப்பனார் எங்கிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார், யார் சயாமுக்குப் போனார், யார் கப்பலேறினார் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை உங்கள் உறவில் இருந்தால் இன்றே பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். சேமநிதிக்கு வாரிசுப் பெயர் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் குடும்பம் அலைய வேண்டிவரும். வீடு யாருக்கு என்பதைப் பெரியவர் வாயால் சொல்லி எழுத்தில் வைத்துவிட்டால் பதினாறாம் நாள் பேச்சு வராது.

இன்னொன்று. தம்பி தங்கைகள் படிக்கப் பள்ளியை விட்ட ஓர் அண்ணனோ அக்காளோ இல்லாத தோட்டத்துக் குடும்பம் மிகக் குறைவு. உங்கள் வீட்டில் அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். தகப்பன் சொல்லாததை நீங்களாவது சொல்லுங்கள்.

2025 ஜூனில் அப்பாவுக்கு முதல் திதி கொடுத்தோம். அவர் ஆசைப்பட்டபடியே தேதி பார்த்துச் செய்தோம். படையல் முடிந்ததும் நான் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, 1997-இல் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் இலையை எடுத்துக்கொண்டே, "சாப்பிடு பாப்பா, சோறு ஆறுது" என்றார். அப்பாவின் பிள்ளை அல்லவா!